சீரேந்தி ஆற்றின் மூலம்

விக்டர் படுக்கையறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, கொத்தனார் அம்மாவாசையின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் சுத்தியல் இருந்தது.

"அரை மணி நேரம் பொறுங்க. வரைஞ்சுக்கிறேன்."

"ஓதத்தையா சார்?"

ஓதம்தான், சுவரில் ஊறிய ஈரக்கறை. ரெட்டியார்பாளையத்துக்கு அவரும் மனைவியும் வாடகைக்கு வந்த முதல் மழையிலேயே மாடியிலிருந்து இறங்கிச் சுவரில் படர்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்து விக்டர் படைத்ததுதான் 'ஆழியந்தம்' என்னும் மாயவுலகம். பழுப்பு விளிம்பு கடற்கரை, உப்புப் பூத்த இடம் பனிமலை, பெயின்ட் உப்பிய இடமெல்லாம் தலைநகரம். நாவலில் இரண்டு பாகம் வெளிவந்தாயிற்று. அந்த உலகின் வரைபடம் கனவில் தமக்கு அருளப்பட்டதாக முன்னுரையில் ஆறு பக்கம் எழுதியிருந்தார்.

மூன்றாம் பாகத்துக்குத் தென்கண்டம் தேவைப்பட்டது. ஐப்பசி மழை அதையும் கொடுத்துவிட்டது. தாளில்தான் இன்னும் ஏறவில்லை. அதை வாங்கிப்போகப் பதிப்பாளர் ராஜாங்கம் கூடத்தில் காத்திருந்தார். இன்று படம் வராவிட்டால் புத்தகம் அடுத்த வருஷம்தான் என்று கறாராகச் சொல்லியிருந்தார். சுவரைக் கொத்திப் பூச வீட்டுக்காரர் கொத்தனாரையும் இன்றைக்கே பார்த்து அனுப்பிவிட்டார்.

விக்டர் படியெடுக்கும் பட்டர் பேப்பரைச் சுவரில் ஒட்டினார். ஈரத்தில் ஒட்டவில்லை. ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு மறுகையால் கரையோரமாகப் பென்சிலை ஓட்டினார். நெடுங்கோட்டம். அரக்காழி. மூவிழிக் கணவாய். இடங்கள் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறின.

கதவு தட்டப்பட்டது. மனைவி அகஸ்டினா.

"ஏங்க, அவரு மூணாவது காப்பி குடிச்சிட்டாரு. உள்ள இன்னா சத்தம்னு கேக்குறாரு."

"தியானத்துல இருக்கேன்னு சொல்லு."

"கொத்தனாரோடயா?"

அம்மாவாசைக்குச் சும்மா நிற்கத் தெரியாது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். மேலே சத்தம் கெட்டியாகக் கேட்டது. கீழே, தென்கண்டத்தின் நடுவில், பொத்துப் பொத்தென்றது.

"சார், பூச்சு சுவத்த விட்டுப் பிரிஞ்சிடுச்சு. கைய அழுத்தாதீங்க."

"துறவன் முனை ஒண்ணுதான் பாக்கி."

"எவன் முனையோ, மேல விழுந்தா மண்ட பொளந்துடும்." அவர் நிமிர்ந்து கூரையோரம் பார்த்தார். "இந்தக் கோடு எங்கேர்ந்து வருதுன்னு தெரியுமா?"

பென்சில் நின்றது. அது சீரேந்தி ஆறு. அதன் மூலத்தைத் தேடிப்போய் முதல் பாகத்தில் நாற்பது வீரர்களும் இரண்டாம் பாகத்தில் ஒரு மாமுனிவரும் மாண்டிருந்தார்கள். அது மனித அறிவுக்கு எட்டாதது என்று வாசகர் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு அறிவித்தவர் விக்டர்.

"மாடி வீட்டுக் கக்கூஸ் பைப்பு," என்றார் அம்மாவாசை. "ஜாயின்ட்டு விட்டுப்போச்சு. அதான் மஞ்சளா இருக்கு."

விக்டர் கையை எடுக்கப் பார்த்தார். எடுத்தால் தாள் நழுவும். உள்ளங்கைக்கு அடியில் சுவர் லேசாக அசைந்தது. மணல் உதிர்ந்து சட்டைக் கைக்குள் ஓடியது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தாங்கிப் பிடிங்க."

"நான் புள்ளகுட்டிக்காரன் சார்," என்று அம்மாவாசை இரண்டடி பின்னால் போனார்.

முனையை வளைக்கும்போது பென்சில் ஒரு இழை அழுந்திவிட்டது. தென்கண்டம் மொத்தமாகக் கழன்று, தாளையும் இழுத்துக்கொண்டு கட்டில்மேல் இறங்கியது.

அம்மாவாசை தாழைத் திறந்தார். வாசலில் அகஸ்டினா, அவள் தோளுக்கு மேல் ராஜாங்கத்தின் மூக்குக்கண்ணாடி. தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக விக்டர் நின்றார். ராஜாங்கம் சுவரையே பார்த்தார். மிஞ்சியிருந்த வடபாதி அவருக்குப் பழக்கப்பட்டதுதான். முதல் பாகத்தின் அட்டையில் தங்க நிறத்தில் அச்சடித்தவர் அவரே. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெக்குப் பக்கம் எங்க சார்?" என்றார் ராஜாங்கம் கடைசியில்.

"கடல்கோள்," என்றார் விக்டர். வாயிலிருந்து சுண்ணாம்பு பறந்தது. "மூணாம் பாகமே அதுதான்."

ராஜாங்கம் யோசித்தார். சுவரைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கனவு முன்னுரைக்காகவே புத்தகத்தை வாங்கியவர்கள் அதிகம். "அப்ப பழைய படமே போதும். கீழ்ப்பாதிக்கு நீலம் அடிச்சிடறேன். நாலாம் பாகத்துக்கு மட்டும் புது நிலம் வேணும், சொல்லிட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்வரை விக்டர் பொறுத்திருந்தார். பிறகு கொத்தனாரின் காதருகே போனார்.

"சுவத்த பூசிடுங்க. பைப்ப மட்டும் அடுத்த மழை கழிச்சுப் பாத்துக்கலாமா?"

அம்மாவாசை அகஸ்டினாவைப் பார்த்தார். அவள் மெத்தையிலிருந்து நெடுங்கோட்டத்தை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மாடிக்கு ஏறுங்கண்ணே," என்றாள்.