செல்வினுக்குக் கேட்காத சத்தம்

கிளப் மாடியறையில் அன்று ஐந்து பேர். வாசலைப் பார்த்தபடி தலைவர் ஆஸ்போர்ன், அவருக்கு வலப்பக்கம் வக்கீல் யார்ட். எதிரே, சுவரில் மாட்டியிருந்த தன் படத்துக்குக் கீழேயே செல்வின். ஜன்னலோரம் அவன் மனைவி மார்வா. மேஜையின் கோடியில் பேனாவோடு செயலாளர் வின்ஃபீல்ட், மார்வாவின் அண்ணன்.

செல்வின் பார்படாஸுக்காகப் பதினான்கு வருஷம் ஆடியவன். அவன் ஆஃப் சைடில் அடித்தால் பந்தை விரட்டுகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு, கிளப் வாசலில் மீன்வடை விற்கும் ஐயாந்தி மேல் காரை ஏற்றிவிட்டு நிற்காமல் போனான். அவளுக்கு ஒரு கால் போயிற்று. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது; தண்டனை திங்கட்கிழமை. அதற்குள் அவன் நடத்தை பற்றி கிளப் எழுதித்தர வேண்டும் என்று நீதிபதி கேட்டிருந்தார். நல்லவன் என்று எழுதினால் அபராதத்தோடு போய்விடும், இல்லாவிட்டால் ஜெயில்.

நீதிபதி கிரிக்கெட் பைத்தியம் என்பதால் செல்வினின் வக்கீல் யார்ட் ஒரே ஒரு வரியைக் கேட்டார்: அவுட் என்று தெரிந்தால் அம்பயர் விரலைத் தூக்கும்வரை காத்திராமல் தானே நடந்துவிடுவார் செல்வின். அந்தத் தீவில் ஒருவனை 'நடக்கிறவன்' என்றால் அதற்கு மேல் நற்சாட்சி கிடையாது.

செல்வின் நடந்தது உண்மைதான், நூறு அடித்த பிறகு. அணி தத்தளித்த நாட்களில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றான். மட்டையில் பந்து உரசியது கேலரியில் ரம் குடித்துக்கொண்டிருந்தவனுக்கே கேட்டிருக்கும். அந்த நாட்களில் எதிர்முனையில் கூடவே மட்டை பிடித்த வின்ஃபீல்ட், ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், "எனக்குக் கேக்கலை மச்சான்" என்பான் செல்வின். கோர்ட்டிலும் அதையேதான் சொன்னான், மோதின சத்தம் கேட்கவில்லை என்று.

"எழுது மச்சான். ஜார்ஜ்டவுன் மேட்ச்சுல நடக்கலையா நான்?"

"நூத்தி நாப்பது அடிச்சிட்டு, வெயில் தாங்காம நடந்தே."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தார். செல்வின் முகம் கறுத்தது.

"ஒரு மீன்வடைக்காரிக்காக உன் தங்கச்சியத் தெருவுல நிறுத்தப் போறியா?"

எல்லோரும் மார்வாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை கேட்டால் எழுதிவிடுவோம் என்று வின்ஃபீல்டுக்குத் தெரியும். அவள் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது.

மார்வா ஜன்னலிலிருந்து திரும்பாமலே பேசினாள்.

"அவருக்கு வீட்டுலயும் எதுவும் கேக்காதுண்ணே. ஐயாந்தி கத்துனது சாலை வளைவு தாண்டியும் கேட்டுச்சு. நான் பக்கத்து சீட்டுல இருந்தேன், நிறுத்துங்கன்னு சொன்னேன். கோர்ட்டுல என்னை யாரும் கேக்கலை. நானும் சொல்லலை."

வக்கீல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இப்போது பேசிய எதுவும் தன் காதில் விழவில்லை என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். செல்வின் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு அவனும் போனான்.

வின்ஃபீல்ட் வழக்கம்போல் தேதியிலிருந்து தொடங்கினான். ஆடிய ஆட்டங்கள், ரன்கள், பிடித்த கேட்சுகள் எல்லாம் வரிசையாக எழுதினான். கடைசியில்: 'அவர் நடந்ததும் உண்டு, நின்றதும் உண்டு. நடந்தபோதெல்லாம் அவருக்கு நஷ்டம் ஏதும் இருந்ததில்லை. அவர் நேர்மை பற்றி இதற்கு மேல் எழுத கிளப்பிடம் ஒன்றுமில்லை.'

தலைவர் இரண்டு தரம் படித்தார். செயலாளர் கையெழுத்தே போதும், தன்னுடையது எதற்கு என்றார்.

மார்வா உறையை வாங்கி, நாக்கால் ஈரமாக்கி, விரலால் அழுத்தி ஒட்டினாள். கீழே காத்திருந்த கோர்ட் ஆளிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.