இழைத்த விரல்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விசா மையத்தின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. மாணவர் விசாவுக்குக் கைரேகை எடுக்கும் கவுண்டரில் ஒரு பெண். "விரலை வைங்கம்மா... வச்சுட்டீங்களா?" என்று உள்ளிருந்து கேட்டார்கள்.

வைத்துத்தான் இருந்தாள். எட்டு விரல்களின் ரேகை விழுந்துவிட்டது. வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் திரையில் வெறும் சாம்பல் வட்டம். துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், அழுத்தி வைத்தாள். விரல் இருக்கிறது, ரேகை இல்லை. ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, கவுண்டர் அக்காவுக்கும் புரியவில்லை.

"வேற ஒரு நாள் வாங்க."

அவள் எழுந்து போய்விட்டாள். மீதியெல்லாம் நான் கட்டியது.

2

விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த அவள்—

(அடித்துவிட்டேன். விமானத்தை யார்தான் அண்ணாந்து பார்க்கவில்லை?)

வேலையிலிருந்து தொடங்குகிறேன். அவளுடைய அப்பாவுக்கு மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறை. முதலில் முரட்டு உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்க வேண்டும், பிறகு நைசானதால், பிறகு அதைவிட நைசானதால். கடைசியில் விரல் நுனியால் மெல்லத் தடவ வேண்டும். கண்ணுக்குத் தப்பிய பிசிறு விரலுக்குத் தப்பாது. தாளை இரண்டு விரலில் பிடித்துத் தேய்ப்பதில் மகளுக்கும் பங்கு உண்டு; அப்பாவின் விரல்கள் காய்த்துப்போய்விட்டதால் அந்தக் கடைசித் தடவல் முழுக்க அவளுடையது.

"பாப்பா, தொட்டுப் பாரு."

"மேல் மூலையில இடிக்குதுப்பா."

நாள் முழுக்க அவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இவ்வளவுதான்.

மரம் ஏன் ஊதுகிறது, ஏன் கோணுகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லித்தரும் ஒரு கல்லூரி கடல் தாண்டி இருக்கிறது. இடமும் கிடைத்துவிட்டது. ரேகை விழாவிட்டால் விசா கிடையாது.

3

இங்கே அப்பாவை வில்லனாக்கிப் பார்த்தேன். அவர் அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்து—

(இல்லை. இந்த மனிதர் ஒளிக்கிறவர் இல்லை, தேய்க்கிறவர்.)

"காட்டு கையை. அடடா, இவ்ளோ சொரசொரப்பா இருந்தா பாவம், மெஷின் என்ன பண்ணும்?"

"அப்பா, இது நாற்காலி இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். ஆடாம இரு."

பெரிய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் எடுக்கும் மிக நைசான தாளை எடுத்தார். பத்து விரல்களையும் பூப்போல இழைத்தார், மெழுகும் தடவினார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவள்தானே, வழவழப்பு என்றால் நல்லது என்றுதான் நினைத்திருப்பாள்.

இரண்டாம் முறை ஒரு விரல்கூட விழவில்லை.

"என்னம்மா இது, போன தடவை எட்டு விரலாச்சும் விழுந்துச்சு!" கவுண்டர் அக்கா சிரித்தேவிட்டார். "கையால என்ன வேலை பாக்குறே?"

"உப்புத்தாள் தேய்க்கிறேன்க்கா."

"அப்ப கொஞ்ச நாள் தேய்க்காதே. கடைசியா ஒரு தேதி தர்றேன். அதை விட்டா உன் காலேஜ் திறந்துடும்."

4

(இதை விளக்காமல் என்னால் நகர முடியாது. விரல் நுனியில் வரப்பும் பள்ளமுமாக இருக்கிறது. வரப்பு கண்ணாடியைத் தொடும், பள்ளம் தொடாது. அந்த வித்தியாசத்தைத்தான் இயந்திரம் படிக்கிறது. அதற்குச் சொரசொரப்பு வேண்டும். அப்பா தன் கைத்திறமை அத்தனையும் காட்டி அதை ஒழித்துவிட்டார். ஆனால் வரப்பின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. தேய்ந்தது மேல்தோல்தான். விட்டுவைத்தால் அதே கோலத்தில் மறுபடி வளரும்.)

5

விட்டுவைப்பது எளிதாக இல்லை. எண்ணெய் தடவிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தனியாகத் தேய்த்தார்.

"பாப்பா, தொட்டுப்—" என்று நிறுத்திக்கொண்டார்.

பாதி எழுந்தவள் உட்கார்ந்தாள்.

"நானே பாத்துக்கறேன்."

குனிந்து மேசைமேல் கன்னத்தை வைத்து மெல்ல நகர்த்தினார். அது ஒரு வழிதான். கன்னம் காய்ப்பதில்லை.

"இடிக்குதாப்பா?"

"இல்ல. நல்லா இருக்கு." கன்னத்தை எடுக்கவில்லை.

(அவர் அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். பட்டறையில் தூசி எல்லார் கண்ணிலும்தான் விழும்.)

அவள் இன்னும் எங்கும் போகவில்லை. ஆனாலும் நாலடி தூரத்திலிருந்த அந்த மேசை எட்டாத இடத்தில் இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

விசா வந்தது என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் அப்பா விமான நிலையத்தில் பெட்டியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வரவில்லை என்று இன்னொன்று. அதில் அவர் சந்தோஷப்பட்டு, அந்தச் சந்தோஷத்துக்காக மகளின் முகத்தைப் பார்க்கக் கூசினார். இரண்டையும் மறுபடி படித்தபோது, இரண்டிலுமே அவர்களைவிட நான்தான் அதிகம் பேசியிருந்தேன். விசா தருவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். விசா அதிகாரியின் மேசையில் உங்களை உட்கார வைத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன்.

எனக்குத் தெரிந்தது விரல் வரைக்கும்தான். மூன்றாம் முறை பத்து வட்டங்களும் பச்சையாயின. வழி இதுதான்: தேய்க்கிற வேலையை நிறுத்திவிட்டு, தினமும் எண்ணெய் தடவி, தோலை அதன் போக்கில் வளர விட வேண்டும். போகிற அன்று வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அழுத்தாமல் கண்ணாடிமேல் வைக்க வேண்டும். ரேகை விழும்.