வெள்ளைத் துணி எடுக்காத தையற்காரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, ஒளிப்பதில் பயனில்லை. படிப்பைப் பாதியில் விட்டவன் நான். ஓர் ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தேன். போன மாதம் அதையும் விட்டேன். முதல் வரி இப்படி இருந்தது:

‘இரத்தக் குழாயின் உட்சுவர் ஒரு நதிக்கரையைப் போல...’

அடித்துவிட்டேன். நதியாவது, கரையாவது. என் வேலை அம்புக்குறி போடுவது. உட்சுவர்ச் செல்களின் படத்தில் ஒவ்வொரு செல்லும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறிக்க வேண்டும்.* நல்ல செல்கள் இரத்தம் வரும் திசையைப் பார்த்து நிற்கும். திசை தவறினால் தமனியும் சிரையும் நேராக ஒட்டி முடிச்சாகும். முடிச்சு ஒருநாள் வெடிக்கலாம்.

* ஒரு ராத்திரிக்கு எண்ணூறு அம்புகள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2

அக்கா தையற்காரி. வெள்ளைத் துணி எடுக்கமாட்டாள்; குனிந்து தைத்தால் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டும். உதட்டில் சிவப்புப் புள்ளிகள். அம்மாவுக்கும் இருந்தன. அம்மா ஒரு காலையில் பல் துலக்கும்போது விழுந்தாள். மூளையில் இரத்தக்கசிவு.

[இங்கே ஒரு பத்தி அழுதிருந்தேன். நீக்கிவிட்டேன்.]

வேலையின் கடைசி வாரம்தான் படங்களோடு வரும் நோய்க்குறிப்பைப் படித்தேன்: அடிக்கடி மூக்கில் இரத்தம், உதட்டில் புள்ளிகள், குடும்பத்தில் பலருக்கு. ஆறு ஆண்டுகள் என் அக்காவின் நோய்க்கு அம்பு போட்டிருக்கிறேன்.

3

டாக்டரிடம் போனோம். தலைக்கு ஸ்கேன் எழுதித் தரக் கேட்டேன். அவர் நிமிரவில்லை.

“உடம்புச் சூடும்மா. தண்ணி நிறையக் குடிங்க. மூக்க நோண்டாதீங்க.”

“நாப்பத்தஞ்சு வயசுல மூக்க நோண்டிக்கிட்டா இருக்கேன்?” என்றாள் அக்கா.

“எங்க அம்மா இப்படித்தான் சார் செத்தாங்க” என்றேன்.

“நீங்க டாக்டரா?”

“அம்பு போடுறவன்.”

சிரித்தார். சொட்டு மருந்து எழுதினார்.

(இவரை நல்லவராக்கியும் எழுதிப் பார்த்தேன். நம்பும்படி வரவில்லை.)

4

வீட்டில் அக்காவுக்குச் செல்களை வரைந்து காட்டினேன்.

“வெல்வெட்டு மாதிரிதானே? மயிரெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கணும். ஒரு துண்டு தலைகீழாப் போனா மொத்தமும் கெட்டுது. இதச் சொல்ல உனக்கு ஆறு வருஷமாடா?”

இதுவரை எழுதியதைக் கொடுத்தேன். படித்தாள்.

“கடைசில என்னப் போட்டுத் தள்ளிடாத. எம் பொண்ணுக்கும் மூக்குல ரத்தம் வர ஆரம்பிச்சிருச்சு.”

5

முடிவு ஒன்று: ஸ்கேனில் ஒன்றுமில்லை. முடிவு இரண்டு: முடிச்சு இருக்கிறது, வெடிக்கும் முன்பே அடைத்துவிடுகிறார்கள். மூன்றாவதை அம்மா எழுதிவிட்டாள்.

ஸ்கேனே எழுதித் தராதபோது நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

நாளை வேறு டாக்டர். அக்கா தனக்கும் மகளுக்கும் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் வெள்ளை.

“கறை நல்லாத் தெரியட்டும். அப்பவாவது நாளைக்குப் பாக்குற ஆளு நிமிருறானான்னு பாப்போம்.”

மேசைக்கு அந்தப் பக்கம், டாக்டர் நாற்காலியில், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இருவரும் உள்ளே வருகிறார்கள். பேனா உங்கள் கையில்.