போதகரின் காரில் பாடிய பாட்டு

சவாயி தீவில் எங்கள் ஊர்ச் சபை போதகர் மலாகிக்குக் கார் வாங்கித் தர முடிவெடுத்தபோது, ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய பழைய கார்களில் ஒன்றை அவரே போய்த் தேர்ந்தெடுத்தார். “ஒரு ஆணி விடாம சோதிச்சுட்டேன்” என்று பிரசங்க மேடையிலிருந்து அறிவித்தார். மறுநாள்தான் ஸ்டீரியோ வாய் திறக்காது என்று தெரிந்தது. மேடையில் சொன்னதை யார் திரும்பப் பெறுவது? பேசாமல் இருந்துவிட்டார்.

டாக்ஸி ஓட்டும் ஃபாலானிகோதான் எங்கள் பாடகர் குழுவின் தலைவர். அவர் கட்டிய கீர்த்தனை சிடியாக வந்ததும் முதல் பிரதியைப் போதகருக்குக் கொடுத்தார். சபையார் பார்த்துக்கொண்டிருக்க, போதகர் அதை ஸ்டீரியோவுக்குள் தள்ளினார். உள்ளே போய் மறைந்தது. அதன்பின் எப்போது பார்த்தாலும், “காலையில கேட்டேன் ஃபாலானிகோ. ரெண்டாவது சரணத்துல கண்ணு கலங்கிருச்சு” என்பார். ஃபாலானிகோவும் லேசுப்பட்டவர் அல்ல. டாக்ஸியில் ஏறுகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார். பக்கத்து ஊர்க் குழுத் தலைவர் ஏறினால் இரண்டு முறை சொல்வார்.

சபை மாநாட்டுக்கு முன்தினம் ஃபாலானிகோ கையில் ஒரு ஸ்டீரியோவோடு போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“என் டாக்ஸியில இருந்தது ஐயா, நல்ல சத்தம். உங்களுக்குத்தான். நாளைக்கு நீங்க போற வழியெல்லாம் நம்ம பாட்டு கேக்கணும்.”

“எதுக்குப்பா? எனக்கு மெதுவா, தனியாக் கேட்டாத்தான் பிடிக்கும்.”

“அவ்வளவு மெதுவாவா?” போதகரின் மனைவி லாங்கி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். “பக்கத்துல உக்காந்து வர்ற எனக்கே கேக்கலையே!”

“பாத்தீங்களா, உங்க ஸ்டீரியோவுல சத்தம் போயிருக்கும்” என்று ஃபாலானிகோ பேட்டரி ஒயரைக் கழற்றினார். காரை வெயிலுக்குத் தள்ளினார். “பிளாஸ்டிக் கொஞ்சம் இளகட்டும். இல்லன்னா உடைஞ்சிரும்.”

“உடையும்னா வேணாமே.”

“நான் இதுவரைக்கும் ஒண்ணும் உடைச்சதில்ல ஐயா.”

முதன்முறையாக, ஒரு சாமான் உடைய வேண்டும் என்று போதகர் ஜெபித்தார். கூடவே ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் பாடிச்சு’ என்ற வாக்கியத்தையும் தயாராக வைத்துக்கொண்டார்.

துணி சுற்றிய மரக்கரண்டியை ஃபாலானிகோ டேஷ்போர்டு பட்டையின் இடுக்கில் நுழைத்து நெம்பினார். டக். கீழே இன்னொரு கிளிப், டக். பட்டை முழுசாகக் கையோடு வந்தது.

ஸ்டீரியோவுக்கு முகம் மட்டுமே இருந்தது. உடம்பு இல்லை. பலகைத் துண்டில் ஒட்டிய முகம். பின்னால் கசக்கித் திணித்த ஜப்பானியச் செய்தித்தாள். அதன் மேல் ஒரு கீறலும் இல்லாமல் மின்னிக்கொண்டு கிடந்தது கீர்த்தனை.

“நேத்து வரைக்கும்…” என்று தொடங்கிய போதகர் நிறுத்திக்கொண்டார்.

ஃபாலானிகோ சிடியையே பார்த்தார். டாக்ஸியில் ஏறி இறங்கிய முகங்கள் கண்முன் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் பக்கத்து ஊர்த் தலைவரின் முகம் வந்து போகாமல் நின்றது. அவர் சிடியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பட்டையைப் பழைய இடத்தில் வைத்து உள்ளங்கையால் தட்டினார். டக், டக்.

லாங்கி இரண்டு கோப்பை சூடான கோகோவோடு வந்தார். “என்ன, புதுசு மாட்டலையா?”

“பழசே நல்லா இருக்கும்மா. ஜப்பான் சாமான், கை வைக்கக் கூடாது” என்றார் ஃபாலானிகோ.

லாங்கி உள்ளே போகும்வரை போதகர் தலை நிமிரவில்லை. பிறகு, “ஃபாலானிகோ, அத ஒரு தடவ பாடிக் காட்டறியா?” என்றார்.

இருவரும் காருக்குள் உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் புழுக்கத்தில் ஃபாலானிகோ கடைசிச் சரணம்வரை பாடினார். இரண்டாவது சரணத்தில் போதகருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

பாட்டு முடிந்தது. ஃபாலானிகோ எதிரே பார்த்தபடி காத்திருந்தார். போதகர் வாயைத் திறந்தார். சொல்ல இருந்த பாராட்டு எல்லாவற்றையும், பாட்டைக் கேட்பதற்கு முன்பே சொல்லித் தீர்த்திருந்தார்.

“கோகோ ஆறிப்போச்சு ஐயா” என்றார் ஃபாலானிகோ.