சல்லடையில் நின்ற அறுபத்தைந்து

பனி விலகி இளவெயில் படர்ந்த காலைப் பொழுதில், கருங்கற் படிகளும் நெடிய தாழ்வாரங்களும் உடைய அக்கல்லூரியின் பேரவைக்கூடம், ஒரு மனிதரின் பன்னிரண்டாண்டு உழைப்பைக் கேட்கக் காத்திருந்தது. மேடையேறியவர் கணக்குப் பேராசிரியர். முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி, அதே துறையில் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவன். துறைத்தலைமை இருவருள் எவருக்கு என்பது அன்று முடிவாகவிருந்தது.

கதை கேட்கும் கற்றறிந்தீர், ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி ஒன்றைக் கூட்டினால், நான்கு பதினேழாகும், ஆறு முப்பத்தேழாகும், பத்து நூற்றொன்றாகும். இவ்வாறு பிறக்கும் பகா எண்களுக்கு முடிவில்லை என்று அறிஞர் நம்புகின்றனரே அன்றி மெய்ப்பித்தார் இலர். அத்தானாகிய பேராசிரியரோ, பகு எண்களை எல்லாம் சலித்தெறியும் சல்லடையொன்றைப் பின்னி, மெய்ப்பித்துவிட்டதாக மகிழ்ந்து, மூன்றாண்டுகளுக்கு முன்பே ஏட்டை முதலில் மைத்துனனிடம் நீட்டினார். சல்லடைக்கு ஓட்டை அழகு, மெய்ப்பிப்புக்கு ஆகாது. ஏழாம் பக்கத்து ஓட்டையை அவன் அன்றைக்கே கண்டுகொண்டான். கண்டும், "அருமையா இருக்கு அத்தான்" என்றான். அம்மூன்றாண்டுகளும் அக்காள் கையால் உண்டு, திருத்தி எழுதிய ஒவ்வொரு படியையும் படித்து, அதையே சொன்னான். உயர ஏறிய பின் விழுந்தால்தான் எலும்பு மிஞ்சாது என்பது அந்தப் பாவியின் கணக்கு.

அவர் உரையை முடித்து முகம் துடைத்தபோது, அவன் பணிவாக எழுந்தான்.

"ஒரே ஒரு ஐயம். எட்டைப் போட்டா அறுபத்தஞ்சு வருது, அது அஞ்சையும் பதிமூணையும் பெருக்கினது. இப்படி ரெண்டு பகா எண்ணைப் பெருக்கி வர்றதும் உங்க சல்லடையில நின்னுடுமே. அதை எப்படிப் பிரிக்கிறீங்க?"

அவர் ஏழாம் பக்கத்தைப் புரட்டினார், மறுபடியும் புரட்டினார். பின்வரிசையில் எவரோ சிரிக்க, அச்சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறி வந்தது. நண்பகலுக்குள் தலைமை மைத்துனனுக்கு ஆயிற்று.

மாலையில், வசவை எதிர்பார்த்தே அவன் அக்காள் வீட்டுப் படியேறினான். அவளோ வழக்கம்போல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அழுது சிவந்த கண்களோடு அத்தான் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

"நல்லவேளை, இன்னைக்காவது உன் கண்ணுல பட்டுச்சு. அச்சுல ஏறியிருந்தா என் மானமே போயிருக்கும். இன்னொரு வழி தோணியிருக்கு, இதையும் நீதான் பார்த்துச் சொல்லணும்."

நீட்டிய தாள்களை அவன் வாங்கினான். இரண்டாம் பக்கத்திலேயே அதே ஓட்டை வாய்பிளந்து கிடந்தது. இனி அவனுக்கு வேண்டிய பதவி எதுவுமில்லை, அஞ்ச வேண்டிய போட்டியும் இல்லை.

"அருமையா இருக்கு அத்தான்" என்றான்.

பதவிக்காகச் செய்யும் கொடுமை பதவியோடு நின்றுவிடக்கூடும். சுவை கண்ட கொடுமைக்கோ, அப்பகா எண்களைப் போலவே, முடிவுண்டு என்று இதுவரை மெய்ப்பித்தார் இலர்.