கொடியை இறக்கியவன்

பத்தாங் காலி ஊருக்குப் போகும் தோட்டத்து ரோட்டில் கல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால், வளைவில், காளியண்ணன் சிவப்புக் கொடியோடு நின்றான். வண்டி வந்தால் கொடியைத் தூக்கி நிறுத்த வேண்டும். போன வாரம் துரையின் மோட்டாரையும் அப்படித்தான் நிறுத்தினான். அதற்கு, கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பன் எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தார். "துரையைப் பார்த்தா கையில இருக்கிறதக் கீழ போட்டுட்டுக் கும்பிடணும்னு தெரியாது?"

இன்று அதே மோட்டார் வந்தது. காளியண்ணன் கொடியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். மோட்டார் வேகம் குறையாமல் வளைவில் திரும்பி, கல்கூடையோடு ரோட்டைக் கடந்த கூலிக்காரி கங்காவை அடித்துத் தள்ளியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

விசாரணையில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கேட்டது ஒரே கேள்விதான். "கொடி உன் கையில இருந்துச்சா, இல்லையா?"

அறைந்த மண்டோர் மைக்கூட்டைக் கிராணி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இல்லீங்க," என்றான் காளியண்ணன். கிராணி அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. துணி மூட்டையோடு வளைவைத் தாண்டும்போது, புதுக் கொடிக்காரனுக்கு மண்டோர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். "எவன் வந்தாலும் கொடிய இறக்காத. ஒரு உசுரு போனது போதும்."

"துரை வந்தா?"

மண்டோர் அவனை முறைத்தார். "துரைக்குக் கும்பிடு போடறதையுமா உனக்குச் சொல்லித் தரணும்?"