முதலில் வருவது

பேச்சை முதலில் நிறுத்தியது யார் என்பதில் அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. நாத்தனார்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் தானாகவும் இருக்கலாம் என்று படுகிறது. எந்த வருடம் என்பதுகூடக் குழம்புகிறது. ஆனால் ஒரு காலை மட்டும் கலையாமல் இருக்கிறது. நாத்தனார் சமையலறை வாசலில் நின்று, கனத்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கோடு ஒட்டிப் பிடித்து ஒரு கண் மருத்துவமனையின் பெயரை வாசித்தாள். "தேடினா முதல்ல வர்றதே இதுதாண்டா. சும்மாவா முதல்ல போடுவான்?" என்றாள் தம்பியிடம். தம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கைக்கெட்டும் தூரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இவள், அந்தத் தம்பியின் மனைவி, அந்த வீட்டில் இல்லாதவள் மாதிரிதான் பேச்சு நடந்தது. அப்படித்தான் எப்போதும் நடக்கும். அவளுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தம்பியின் முகத்தில் பட்டுத் தெறித்துத்தான் அவளிடம் வரும்.

நாத்தனார் பள்ளி வேன் ஓட்டுபவள். கல்யாணம் ஆகவில்லை. வீடு அவள் பெயரில், வேன் அவள் பெயரில். லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவையே கண் பரிசோதனையில் தட்டுத்தடுமாறித்தான் தேறினாள். அரசு மருத்துவமனை டாக்டர், கண்ணின் பவர் இன்னும் ஒரு இடத்தில் நிற்கவில்லை, இப்போது லேசர் வைத்தால் கெட்டுப்போகும், காத்திருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காத்திருந்தால் வேன் போய்விடும். முதலில் வந்த மருத்துவமனையோ போனிலேயே சரி என்றுவிட்டது.

பெயரைக் கேட்டதும் வெங்காயம் அவள் கையிலேயே நின்றது. அந்த மருத்துவமனை முதலில் வருவதற்குக் காரணம் அவள்தான்.

அவள் வேலை பார்த்தது ஒரு அச்சகத்துக்கு மேலே, ஜன்னலைத் திறந்தால் மை வாசனை வரும் அறையில். ஒரு நிறுவனத்தின் தளம் தேடலில் மேலே வரவேண்டுமானால் மற்ற தளங்கள் அதைச் சுட்டிக்காட்ட வேண்டும். பேக்லிங்க் என்பார்கள். நாலு பேர் நல்லவன் என்றால் தேடுபொறியும் நல்லவன் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாலு பேர் யார், காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்களா, உண்மையிலேயே ஆட்கள்தானா என்று பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் அடிப்பது அவள் வேலை. போன வருடம்வரை மீன்தொட்டி பற்றி எழுதிய தளம் திடீரென்று வீட்டுக்கடன் பற்றி எழுதினால் சிவப்பு. கட்டுரை எழுதிய டாக்டரின் சிரிப்பு வேறொரு தளத்தில் வக்கீலின் சிரிப்பாக இருந்தால் சிவப்பு. ஏழு தளங்கள் ஒரே மெத்தையை ஒரே வாக்கியத்தால் புகழ்ந்தால் ஏழும் சிவப்பு. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கண் மருத்துவமனை வேலை வந்தபோது அதைப் பற்றிப் பேசும் தளங்களையெல்லாம் அலசினாள். நடுவில் ஒரு பக்கம் இருந்தது, ஒரு தச்சருடையது. நாற்காலிப் படங்களுக்கு நடுவே, எழுத்துகள் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க, அந்த மருத்துவமனையில் லேசர் வைத்த பிறகு அடிக்கப்போகும் ஆணி இரண்டாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். போய்க் கேட்டதற்கு, என்ன ஆனாலும் சம்மதம் என்று அவரே கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார்களாம். அடியில் இன்னும் இரண்டு பேர் எங்களுக்கும் இப்படித்தான் என்று புலம்பியிருந்தார்கள். அவள் பச்சை அடித்தாள்.

"மூளை இருக்கா உனக்கு? நம்ம ஆளைத் திட்டற பக்கத்துக்குப் பச்சையா?" என்றார் மேலாளர்.

"நம்பலாமான்னு பார்க்கச் சொன்னீங்க. நம்பலாம் சார்."

"அப்ப முதல்ல அதை அமுக்கணும். ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளிட்டா பொணத்துக்குச் சமம், எவனும் எட்டிப் பார்க்க மாட்டான்."

"ஆஸ்பத்திரி எப்படின்னு நாம பார்க்கறதில்லையா சார்?"

"சாட்சி யோக்கியமான்னு பார்க்கத்தான் உனக்குச் சம்பளம். யாருக்குச் சாட்சி சொல்றான்னு உன்னைக் கேட்டாங்களா?"

அவள் சுத்தமான தளங்களாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். நல்ல சாட்சிகள், ஒன்றுகூடப் பழுதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மருத்துவமனை மேலே ஏறியது. தச்சர் கீழே போனார்.

வெங்காயம் உரித்த அன்றே நாத்தனாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவள் வார்த்தைக்கு இருந்த மரியாதை வேறு. சில வருடங்களுக்கு முன் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. வயது கடந்த பிறகு வந்த வரன். ஆள் நன்றாகப் பேசினான். நாத்தனார் அந்த ஒரு மாதம் வேனைக் கழுவும்போது பாடினாள். இவள் பழக்கதோஷத்தில் அவனைத் தோண்டினாள். சொன்ன கம்பெனியில் அவன் இல்லை. இல்லை என்று சொன்ன மனைவி இருந்தாள். போனைக் கொண்டுபோய் நாத்தனாரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். தம்பி முன்னால், மாப்பிள்ளை வீட்டார் வாங்கி வந்த பழங்கள் மேஜையில் இருக்கும்போதே. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நாத்தனார் மன்னித்திருப்பாள். முழுவதும் உண்மையாக இருந்ததுதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு வீட்டில் ஒரே அடுப்பு, இரண்டு சமையல்.

இருந்தும் மறுநாள் முயன்றாள். நாத்தனார் வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி வேண்டாம்கா. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க," என்று தச்சரின் பக்கத்தைக் காட்டினாள்.

நாத்தனார் போனைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைத்தான் பார்த்தாள். "அன்னைக்கும் இதே மாதிரிதான் நீட்டின. எனக்கு ஒண்ணு கூடி வந்தாப் போதும், உடனே போனைத் தூக்கிட்டு வந்துருவ." துணியைப் பிழிந்தாள். அழுக்குத் தண்ணீர் இவள் காலில் தெறித்தது. வேண்டுமென்று தெறித்ததா என்று சொல்ல முடியாது.

தன் வாய்க்கு மதிப்பில்லை என்றால் மதிப்புள்ள வாய்களைத் தேட வேண்டும். இது தன் தொழில்தான் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. நாத்தனார் யார் சொன்னால் கேட்பாள் என்று கணக்குப் போட்டாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் சொன்னால் மாத்திரையின் பெயரைக்கூடப் பார்க்காமல் விழுங்குவாள். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவோடு தினமும் நாலு மணி நேரம் பேசுவாள். பிறகு தம்பி. மூவரிடமும் தனித்தனியாகப் போனாள். தச்சரின் கதையைச் சொன்னாள். அக்காவிடம் என் பெயரை எடுக்காதீர்கள் என்றாள். மருந்துக்கடைக்காரர் மோவாயைச் சொறிந்தார். "நான் என்னன்னு எடுத்துச் சொல்றது? நீயே சொல்லும்மா." அவள் யோசித்து, "கண்ணு என்ன சட்டையா, கிழிஞ்சா வேற வாங்கிக்கன்னு கேளுங்க," என்றாள். நன்றாக வந்துவிட்டது. சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டாள். ஆயாவிடமும் அதையே சொன்னாள். கணவனிடமும் அதையே. அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பதறாமல் இறக்கிவிடுவான். இந்த இரண்டு பெண்களுக்கு நடுவே மட்டும் அவனுக்கு எந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவன் ஆரம்பித்தான். "அக்கா, நான் என்ன சொல்றேன்னா... கண்ணு என்ன சட்டையா—"

நாத்தனார் கையைத் தட்டிலேயே உதறினாள். சிரிப்பு ஒன்று வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அடுப்படியில் இருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிழிஞ்சா வேற வாங்க. அதானே? நேத்து மருந்துக்கடைக்காரன் சட்டைங்கறான். இன்னைக்குக் காலைல ஆயா சட்டைங்குது. நீ வந்து சட்டைங்கற. என்னடா, ஊர்ல எல்லாரும் ஒரே டெய்லர்கிட்டயா தைக்கறீங்க?" குரல் அடுப்படிப் பக்கம் திரும்பியது. வெகு காலத்துக்குப் பிறகு, நேராக. "வெளிய வாடி. எத்தனை பேர் வாயில உன் நாக்கை வெச்சுத் தைச்சிருக்க?"

அவள் வெளியே வந்தாள். ஒரே வாக்கியம், ஒரே வாரம், மூன்று இடம். அலுவலகத்தில் இரண்டு நிமிடத்தில் சிவப்பு அடித்திருப்பாள். அவமானமாக இருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அவமானம் இல்லை அது. தன் வேலையைத் தானே மோசமாகச் செய்துவிட்ட அவமானம். அந்த நேரத்தில்கூட அதுதான் முன்னால் வந்து நின்றது என்பதை அவள் பிறகு நினைத்து நினைத்துக் கசந்தாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன். உங்க கண்ணு போயிடக் கூடாதுன்னுதான்."

"என் கண்ணு மேல உனக்கு என்னடி அக்கறை?"

மிச்சமிருந்தது ஒன்றுதான். சொல்லிவிட்டாள். "அந்த ஆஸ்பத்திரி முதல்ல வர்றது என்னாலக்கா. நான்தான் ஏத்தி விட்டேன். அது என் வேலை. அங்க என்ன நடக்குதுன்னு நான் பார்க்கல. திட்டி எழுதினவரையும் நாங்கதான் கீழ தள்ளினோம்."

கணவன் அவளைப் பார்த்தான். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிறுத்து, தூரத்தில் எங்கோ இருப்பவை போல இருந்தன. கேட்டுவிட்டாள் என்றே இவள் நினைத்தாள்.

"நீ ஏத்தி விட்டதா?" என்றாள் நாத்தனார் மெதுவாக. "அப்ப நல்லதாத்தான் இருக்கும். என்னைக் கட்டிக்க வந்தவனையே மண்ணைக் கிளறி எடுத்தவ நீ. பொய்யை ஒரு விரலால தொடுவியா? நீ போய் மோசமான இடத்தை மேல ஏத்துவியா?" எழுந்து கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துகொண்டே சொன்னாள்: "இப்பத்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு. போய்ச் சாப்பிடு."

அடுத்த வாரம் நாத்தனார் தனியாகப் போய் லேசர் வைத்துக்கொண்டு வந்தாள். கறுப்புக் கண்ணாடி மாட்டி ஆட்டோவில் இறங்கியவளைப் பிடிக்கத் தம்பி ஓடினான். "விடுடா, குருடியா நான்?" என்று கையைத் தட்டிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, மருத்துவமனையைப் பற்றிப் புதிதாக வந்த கருத்துகளைச் சரிபார்க்கச் சொல்லி மேலாளர் அனுப்பியதில் ஒன்றை இவள் திறந்தாள். சொந்தப் பெயர். வேன் பக்கத்தில், கண்ணாடி இல்லாத வெற்று முகத்தோடு நாத்தனாரின் படம். 'பயமுறுத்துனவங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் சோடாபுட்டியோடதான் திரிஞ்சிருப்பேன். கூடவே இருந்து குழி பறிக்கறவங்களுக்கு நம்ம நல்லது பொறுக்காது. இப்ப எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. யார் எப்படின்னும் தெரியுது. தைரியமா வாங்க.' இந்த வாசகம் வேறெங்கும் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கிறார், தொழில் செய்கிறார், யாரும் காசு கொடுக்கவில்லை. எந்தச் சோதனையிலும் அது தோற்காது.

ஆனால் நாத்தனார் கொக்கியிலிருந்து சாவியை எடுக்க இரண்டு தடவை கை நீட்டுவதை அவள் பார்த்திருந்தாள். பொழுது சாய்ந்தால் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, அடுப்படியில் எரியும் விளக்குக்கு முதுகு காட்டி உட்காருவதையும். எந்த நிறம் அடித்தாலும் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். கர்சர் அங்கே துடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக்குக் காரணம் எழுதினாலும் மேலாளர் படித்துவிட்டு அழிப்பார். பச்சை அடித்தாள். காரணம்: சொந்த வார்த்தைகள்.

மேலாளர் பிறகு பெரிய கட்டடத்துக்கு மாறினார். அவளும் கூடப் போனாள், அதே வேலைதான். மருத்துவமனைக்கு இன்னொரு கிளை வந்தது. தச்சரின் பக்கம் ஒரு நாள் திறக்காமல் போயிற்று. கணவன் வாடகை வீடு பார்க்கலாம் என்று அவ்வப்போது சொல்கிறான், பார்த்ததில்லை. நாத்தனாருக்கு லைசென்ஸ் கிடைத்தது. பரிசோதனை பகலில்தான் நடக்கும். காலையில் அவளே ஓட்டுகிறாள். மாலையில் இடுப்பு வலி என்று சொல்லி ஒரு டிரைவரை வைத்திருக்கிறாள். தன் வண்டியில், அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டு வருகிறாள். எதிர் வண்டி விளக்குப் போட்டதும் கண்களை மூடிக்கொள்கிறாள். வெளிச்சம் அவள் முகத்தை ஒரு முறை முழுவதும் துடைத்துவிட்டுப் போகிறது. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டே வருகிறார்கள்.